மூன்று முறை மூடிய புகார்

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. காலை பத்து மணி. என் கையில் இரண்டு தெர்மாமீட்டர்கள்.

ஒன்று அறைக்கு. இன்னொன்று அண்ணனுக்கு.

அறை முப்பத்து மூன்று டிகிரி. அண்ணன் தொண்ணூற்று ஒன்பது புள்ளி நான்கு. இரண்டையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவது என் பழக்கம்... ஊறுகாய் பாட்டிலுக்குக்கூடத் தேதி ஒட்டுகிறவள் நான். ஆனால் அன்றைக்கு எழுதியது பழக்கதோஷத்தால் இல்லை. பயத்தால்.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேலு. ஆந்திராவில் எங்கள் ஊரான பாகாலாவைச் சுற்றியுள்ள தோப்புகளில் மாங்காய் பறிக்கிறவன். பறித்தவன் என்று எழுத வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய மா சீசனில் கிளை முறிந்து விழுந்தான். கழுத்தில் அடி. தண்டுவடம் நசுங்கிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, போன வருஷக் கோடையில்தான் வீட்டுக்கு வந்தான். தோள்கள் அசையும். வலது கை ஆள்காட்டி விரல் கொஞ்சம் மடங்கும். அதற்குக் கீழே ஒன்றும் அசையாது. வாய் மட்டும் முன்பைவிட இரண்டு மடங்கு வேலை செய்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னார். "இவருக்குக் கழுத்துக்குக் கீழ வேர்க்காது. நாம சூட்டை வேர்வையா வெளியே தள்ளிடறோம். இவர் உடம்பால அது முடியாது. ரூம் சூடானா இவரும் சூடாயிடுவார். நூத்தி ரெண்டு வந்துட்டா யோசிக்காதீங்க, கிளம்பி வந்துடுங்க."

அதனால் அண்ணன் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஏசி வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதை யாரும் சொகுசு என்று சொல்வதில்லை. 'வேலுவோட வேர்வை' என்பாள் அம்மா.

அந்த வேர்வைதான் நான்காவது தடவையாக நின்றுகொண்டிருந்தது.

பழைய ஏசிக்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவுக்கே தெரியும். உறுமும், உதறும், சுவரெல்லாம் தண்ணீர் விடும். இப்போது வரும் இன்வெர்ட்டர் ஏசி அப்படி இல்லை. மகா அமுக்கம்! உள்ளே கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொண்டு சமாளிக்கும். அறை குளிர்ந்துகொண்டுதான் இருக்கும். கரன்ட் மீட்டரைப் பார்த்தால்தான் திருட்டு தெரியும். இனிமேல் சமாளிக்க முடியாது என்ற நிலை வந்ததும்தான் வாயைத் திறக்கும்... அது எப்போதும் வெயில் மண்டையைப் பிளக்கிற நாளாகவே இருக்கும்.

எனக்கு இது தெரியாமல் இருந்தால் பரவாயில்லை. சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் குளிர்கிடங்கைப் பராமரிப்பதுதான் என் வேலை. கேஸ் எங்கே கசிகிறது என்று தேடிக் கண்டுபிடித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அங்கே ஒரு வேலை முடிந்தது என்று தாளில் எழுத வேண்டுமென்றால், இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து அந்தப் பிரிவுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்பானரைக்கூடப் பெட்டிக்குள் வைக்க விடமாட்டேன்.

வீட்டில்? ஒரே வருஷத்தில் மூன்று தடவை கேஸ் போயிருக்கிறது. மூன்று தடவையும் நான் வேலையில். மூன்று தடவையும் திருப்பதியிலிருந்து ஆள் வந்தார், கேஸ் நிரப்பினார், அம்மாவிடம் ஓ.டி.பி. கேட்டார். வேலை திருப்தியாக முடிந்தது என்பதற்கு அடையாளமாக நாம் சொல்ல வேண்டிய எண் அது. அம்மாவும் சொன்னாள். 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று அம்மா போனுக்குச் செய்தி வந்தது.

தீர்ந்தது புகார். கேஸும் கூடவே தீர்ந்துகொண்டிருந்தது.

இந்தத் தடவை வியாழக்கிழமையே கம்ப்ளைன்ட் கொடுத்துவிட்டேன். சித்தூர் சர்வீஸ் சென்டர், "பாகாலா திருப்பதிக்குப் போகுது மேடம்" என்றது. திருப்பதி, "உங்க பின்கோடு சித்தூர் காட்டுது மேடம்" என்றது. சித்தூர் ஜில்லாவிலிருந்து திருப்பதியைத் தனி ஜில்லாவாகப் பிரித்தவர்கள் எங்கள் ஏசியைப் பற்றி யோசிக்கவில்லை போல. இரண்டு ஊரும் பேசி முடிக்க இரண்டு நாள். இதற்கு நடுவில் வாரன்ட்டி அட்டையை எடுத்துப் பார்த்தேன். முழு வாரன்ட்டி ஒரு வருஷம். அதற்குப் பிறகு கம்ப்ரசருக்கு மட்டும். அந்த ஒரு வருஷம் முடிய இன்னும் ஒன்பதே நாள்.

பதினொன்றரைக்கு பைக் சத்தம் கேட்டது. போன தடவை வந்த அதே மெக்கானிக் என்றாள் அம்மா. பாஸ்கர் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். முதுகில் பை, கையில் கேஸ் சிலிண்டர், சட்டை முழுக்க உப்புப் பூத்திருந்தது.

"வா தம்பி, இந்த வெயில்ல வந்துகினு கீறியே... மொதல்ல மோர் குடி" என்றாள் அம்மா.

கட்டிலிலிருந்து அண்ணன் வரவேற்றான். "வாங்க சார். சம்பந்தி வூட்டுக்குக்கூட எவனும் இத்தினி தபா வரமாட்டான். நீங்க வந்துகினே கீறீங்க."

பாஸ்கர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்போது அண்ணனுக்கு நூறு புள்ளி இரண்டு. நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் வியர்வை கொட்டியது. கழுத்துக்குக் கீழே காய்ந்த சுவர் மாதிரி இருந்தது. ஸ்டேஷன் பக்கத்து ஜூஸ் கடையில் வாங்கிவந்த ஐஸைத் துணியில் சுற்றி, அம்மா அவன் அக்குளில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்கர் வெளி யூனிட்டில் மீட்டரை மாட்டினார். முள்ளைப் பார்த்தார். "கேஸ் கம்மி மேடம். அரை மணி நேரம். போட்டுட்டா சில்லுனு ஆயிடும்."

"எங்க லீக்குன்னு பார்க்க வேண்டாமா?"

"ஏசின்னா கேஸ் போறது சகஜம்தானே மேடம்."

"பெட்ரோலா ஓட ஓடத் தீர்ந்துபோறதுக்கு? மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கிற கேஸ். குறையுதுன்னா எங்கேயோ ஓட்டை இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க இஞ்சினீரு சார் அது" என்றான் அண்ணன். "வூட்ல தோசைக்கே ரிப்போர்ட் எழுதும். மாட்டிக்கினீங்க."

லீக் டெஸ்ட்டுக்கு நைட்ரஜன் வேண்டும். "ஒரே சிலிண்டர், அஞ்சு பேருக்கு. இன்னிக்கு ரேணிகுண்டா போயிருக்கு" என்றார் பாஸ்கர். சரி, சோப்பு நுரை போதும் என்றேன். ஷாம்பூ பாக்கெட் ஒன்றைக் கிண்ணத்தில் கரைத்தேன். ஆனால் அதற்கு ஏசியை நிறுத்த வேண்டும். ஓடும்போது உள் யூனிட் காயிலில், அதாவது குளிர்க்குழாய்ச் சுருளில், அழுத்தம் குறைவு. நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டால்தான் அழுத்தம் ஏறும், ஓட்டையில் குமிழி கிளம்பும்.

நிறுத்துவது என்றால்... வந்துகொண்டிருக்கிற கொஞ்சநஞ்சக் குளிரும் போய்விடும்.

"வாணாம் பாப்பா" என்றாள் அம்மா. "அவன் மூஞ்சியப் பாரு. மொதல்ல கேஸ் போடச் சொல்லு."

ரிமோட் என் கையில் இருந்தது. இன்றைக்கு நிரப்பலாம். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி போகும். அப்போது வாரன்ட்டியும் இருக்காது. ஒருவேளை நான் சித்தூரில் இருக்கும்போது, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கும்போது போகும். கத்துவதற்கு அண்ணனுக்கு வாய் இருக்கிறது. எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கக் கால் இல்லை.

நிறுத்தினேன்.

இந்தப் புது கேஸ் லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. அதனால் அம்மா ஏற்றிவைத்திருந்த ஊதுபத்தியை எடுத்து வெளியே போட்டேன். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தேன். அனல் அடித்தது. பாஸ்கர் ஏணி போட்டு ஏறி முன் மூடியைக் கழற்றினார். பத்து நிமிஷம் கழித்து, குழாய் இணைப்புகளில் ஒவ்வொன்றாகச் சோப்பு நுரையைத் தடவினோம்.

முதல் நட்டு. ஒன்றுமில்லை.

இரண்டாவது. ஒன்றுமில்லை.

வெளி யூனிட்டுக்கு ஓடினோம். வால்வு, மூடி... எங்கேயும் ஒரு குமிழிகூட இல்லை.

நோட்டில்: பன்னிரண்டு மணி, நூறு புள்ளி ஏழு.

"நான் சொன்னேனில்ல மேடம், லீக்கே லேது" என்றார் பாஸ்கர். குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. சந்திரகிரியில் இன்னும் இரண்டு வீடு அவருக்குப் பாக்கி. "இப்படியே போனா உங்க அண்ணனுக்குத்தான் கஷ்டம்."

கிண்ணத்தில் மிச்சமிருந்த நுரையை இன்னொரு தடவை கலக்கினேன்.

"இஞ்சினீரு..." அண்ணன் கூப்பிட்டான். நாக்கு கொஞ்சம் குழறியது. "லெஃப்ட் ஓரம் பாத்தியா?"

"எந்த லெஃப்ட்?"

"உள்ள, அந்தத் தகடுங்க முடியிற எடம். அம்மா தூசி தட்ட மூடியத் தொறக்கும்போதெல்லாம் பாக்கறேன். எல்லா எடத்துலயும் தூசி வெள்ளையா கீது. அங்க மட்டும் கறுப்பா, பிசுக்கு மாதிரி ஒட்டிக்கினு கீது. தீவாளிலருந்து கீது."

பாஸ்கரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்துதான் கசியும். எண்ணெய் இருக்கும் இடத்தில் தூசி ஒட்டும். இது படித்தவளுக்கும் தெரியும், பதினைந்து வருஷம் ஏசி பார்த்தவருக்கும் தெரியும்.

"தீவாளிலருந்தா? ஏண்ணா சொல்லல?"

"யார்னா கேட்டீங்களா? வர்றவரு மீட்டரப் பாக்கறாரு. நீ நோட்டப் பாக்கற. நான்தான் வருஷம் பூரா அதையே பாத்துகினு கீறேன்."

பாஸ்கர் ஏணியில் ஏறி, பக்க மூடியைக் கழற்றி, காயிலின் இடது முனையில் வளைந்திருந்த செம்புக் குழாயில் நுரையை வைத்தார். நான் டார்ச் அடித்தேன்.

ஒரு குமிழி... கடுகளவு. பிறகு மிளகளவு. உடைந்தது. அடுத்தது எழுந்தது.

"உந்தி!" என்று தெலுங்கில் கத்தினார் பாஸ்கர். இருக்கிறது! மெக்கானிக் ஒருவர் ஓட்டையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

காயிலையே மாற்ற வேண்டும். வெளியூர் கிடங்கிலிருந்து வர வேண்டும். பாஸ்கர் தன் போனைக் காட்டினார். இரண்டே பட்டன். ஒன்று, 'முடிந்தது'. இன்னொன்று, 'பாகத்துக்காக நிலுவை'.

"கேஸ் போட்டா 'முடிந்தது'தான் போடணும் மேடம். நிலுவைன்னா கேஸ் போட அனுமதி இல்ல. மிஷின் சரியாகாம கேஸ் எங்க போச்சுன்னு கேப்பாங்க. அதுவுமில்லாம நிலுவை என் பேர்லதான் நிக்கும். இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நிக்குது. நீங்க ஓ.டி.பி. குடுங்க. இப்ப கேஸ் போட்டு மூடிடறேன். திங்கக்கிழமை புதுசா காயிலுக்குக் கம்ப்ளைன்ட் போடுங்க, நானே வரேன்."

புதுப் புகார். மறுபடி சித்தூரா திருப்பதியா என்று பஞ்சாயத்து. அதற்குள் ஒன்பது நாள் ஓடிவிடும். கம்பெனி கணக்கில் இந்த ஏசி நான்கு தடவை 'வெற்றிகரமாக' சரியான ஏசி. ஓட்டைக்குச் சாட்சி, ஒரு சோப்புக் குமிழி.

"முடியாதுங்க" என்றேன். "நிலுவைன்னு போடுங்க."

"அப்ப கேஸ்?"

நான் அண்ணனைப் பார்த்தேன். நூற்றொன்று புள்ளி இரண்டு. இன்னும் எட்டுப் புள்ளிதான். கேஸ் வேண்டுமா, காயில் வேண்டுமா? தேர்வுத்தாள் மாதிரி இரண்டில் ஒன்று. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பட்டியல் போட வரவில்லை.

அதற்குள் பாஸ்கர் ஓ.டி.பி.க்கு அழுத்திவிட்டிருந்தார். அம்மாவின் போன் டிங் என்றது.

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். "எட்டு..."

"அம்மா! சொல்லாத!"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

"ஏன் சொல்லக் கூடாது? அந்த ஆளு திருப்பதிலருந்து வந்தாரா இல்லியா? ஏறி எறங்கனாரா இல்லியா? வேலைக்கு வந்தவனுக்கு ஆஜர் போட வாணாமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று தடவையும் அம்மா சொன்னது ஓ.டி.பி. இல்லை. ஆஜர்.

நைனாவும் அம்மாவும் தோப்புக் கூலிக்குப் போனவர்கள். சாயங்காலம் மேஸ்திரி நோட்டில் ஒரு கோடு போட்டால்தான் அன்றைக்கு அவர்கள் வேலைக்கு வந்ததாக அர்த்தம். கூடை சாய்ந்தது, காய் அடிபட்டது என்று ஏதாவது சொல்லிக் கோடு போடாமல் விட்டுவிடுவான் மேஸ்திரி. வெயிலில் நின்றது நின்றதுதான். அப்படி நின்ற அம்மாவின் வீட்டுக்கு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து, வேலை செய்து, 'நம்பர் சொல்லுங்கம்மா' என்று கேட்டால்... அவள் என்ன செய்வாள்? எண் முடிந்த வேலைக்கு என்று கம்பெனி நினைக்கிறது. வந்த ஆளுக்கு என்று அம்மா நினைக்கிறாள்.

"நீ எப்ப மேஸ்திரி ஆன?" என்று கேட்டாள் அம்மா.

நோட்டில் ஒரு புதுத் தாளைத் திருப்பினேன். எழுதினேன்: வந்த நேரம். செய்த வேலை. ஓட்டை எங்கே. கண்டுபிடித்தவர் மெக்கானிக் பாஸ்கர், உதவி நோயாளி வேலு. 'காயில் மாற்றும்வரை நோயாளியின் உயிருக்காகக் கேஸ் நிரப்பும்படி நாங்கள்தான் கேட்டோம். வேலையை முடித்துவிட்டார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வந்தார், முழுசாக வேலை செய்தார்.' அண்ணனின் வெப்பநிலையையும் நேரத்தோடு வரிசையாக எழுதினேன். அம்மாவிடம் பேனாவை நீட்டினேன். அம்மா தெலுங்குப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தவள். கோணல் கோணலான தெலுங்கு எழுத்தில் தன் பெயரைப் போட்டாள்.

"இந்தாங்க" என்று பாஸ்கரிடம் கொடுத்தேன். "ஆஜர்."

அவர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். அண்ணனைப் பார்த்தார். போனில் தாளைப் படம் எடுத்தார். குமிழியையும் வீடியோ எடுத்தார். பிறகு 'நிலுவை' பட்டனை அழுத்தினார்.

அப்புறம் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

"சார், அனுமதி இல்லன்னு..."

"ஆபீஸ்ல நான் பேசிக்கறேன் மேடம். அந்தப் பேப்பரு எங்கிட்டயே இருக்கட்டும்."

ஒரு மணிக்கு அறை முப்பத்தொன்று. ஒன்றே முக்காலுக்கு இருபத்தாறு. அண்ணன் தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஆறு. அம்மா பாஸ்கருக்குச் சோறு போட்டாள். சந்திரகிரிக்காரர்கள் அன்றைக்கு அவரைத் திட்டியிருப்பார்கள். அவர்களிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

காயில் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. வாரன்ட்டி முடிய மூன்று நாள் இருக்கும்போது! நான் லீவு போட்டுவிட்டேன். பாஸ்கர் இந்தத் தடவை நைட்ரஜனோடு வந்தார். மாட்டினார், அழுத்தம் ஏற்றினார், ஒரு மணி நேரம் முள் அசைகிறதா என்று பார்த்தார். மொத்தக் காற்றையும் உறிஞ்சி எடுத்தார், கேஸை எடை போட்டு நிரப்பினார். அவ்வளவு நேரமும் அண்ணனை ஜன்னலோரம் நகர்த்தி, ஈரத்துணி போட்டு, அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். ஏசி ஓட ஆரம்பித்தது.

பாஸ்கர் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனை எடுத்தார். "அம்மா... ஓ.டி.பி.?"

அம்மா விசிறியை நிறுத்தவில்லை. "என்னக் கேக்காத தம்பி. மேஸ்திரி இங்க படுத்துகினு கீறாரு, அவரக் கேளு."

அண்ணன் மேஸ்திரி மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டான். கண்ணை மூடினான். ஐந்து நிமிஷம் பேசவே இல்லை. பாஸ்கர் பாவம், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காது குளுருது" என்றான் அண்ணன். "போர்வை எடு. சாருக்கு ஆஜர் போடு."

உங்கள் வீட்டிலும் யாராவது எண் கேட்டு நிற்பார்கள்... யாருடைய காது குளிர வேண்டுமோ, அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.